சின்னப் படத்தில் இருந்த ஆள்

போன மாதம் எங்கள் தொழில்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "அக்கா, ஒரிஜினல் கையில இல்லாம, சின்ன பிரிவியூ ஃபைலை மட்டும் வச்சு எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் பண்ணலாமா? குவாலிட்டி போயிடுமா?" அதற்குக் கீழே இன்னொருவர், இப்போதெல்லாம் போனிலேயே வேண்டாத ஆளை விரலால் வட்டம் போட்டால் மறைந்துவிடுகிறார், இதற்கு எடிட்டர் எதற்கு என்று சிரிப்புப் பொம்மைகளோடு எழுதியிருந்தார். முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். இரண்டாவதைப் படித்ததும் ஒரு பழைய ஆல்பம் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குழுவில் போட முடியாத நீளத்துக்குப் போய்விட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆல்பம் எடிட்டராக இருந்தவள். விழுப்புரம் ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம் படித்தேன். படிப்பு அவ்வளவுதான். மீதியைக் கல்யாண வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். மாப்பிள்ளையை வெளுப்பாக்கினால் பெண் வீட்டார் திட்டுவார்கள், பெண்ணை வெளுப்பாக்காவிட்டால் எல்லோரும் திட்டுவார்கள்.

என் முதலாளி நாகராஜன் சாருக்குத் திண்டிவனத்தில் ஸ்டூடியோ. அங்கே வந்து வேலை செய்யச் சொன்னார். தினமும் பஸ்ஸில் இடிபட்டு வர முடியாது என்று நான் பிடிவாதம் பிடித்ததால், விழுப்புரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நெடுநேரம் துடைப்பார். அந்தத் துடைப்புக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

முதலில் ஹார்ட் டிஸ்க்கே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அதைக் கொண்டுவந்த கேமராக்காரர் கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க இறங்கினார். பையைக் கடை பெஞ்சிலேயே வைத்துவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிவிட்டார். மயிலம் பக்கத்து ஒரு குடும்பத்தின் கல்யாணம் முழுக்க அந்தப் பையில் இருந்தது. திரும்பிப் போனபோது பெஞ்சு மட்டும் இருந்தது. மணப்பெண்ணின் அப்பா ஒரு பகல் முழுக்க ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு நாகராஜன் சார் ஒரு சட்டம் போட்டார்.

"ஒரிஜினல் இனிமே திண்டிவனத்த தாண்டாது மேகலா. உனக்குச் சின்னது மட்டும் வரும். அதுல வேலைய முடிச்சிட்டு, என்ன பண்ணியோ அத மட்டும் திருப்பி அனுப்பு."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேமராவில் எடுத்த படம் மிகப் பெரியது. அதிலிருந்து மென்பொருள் ஒரு சின்னப் பிரதியை உருவாக்கும். நீளவாக்கில் இரண்டாயிரத்து ஐந்நூறு புள்ளிக்குக் கொஞ்சம் மேல். பார்க்க அதே படம்தான், அதே முகம்தான். அந்தச் சின்னப் பிரதியில் நான் வெளிச்சம் கூட்டுவேன், நிறம் திருத்துவேன், ஓரம் வெட்டுவேன், பருவை அழிப்பேன். ஆனால் நான் திருப்பி அனுப்புவது படத்தை அல்ல. இந்த எண்ணுள்ள படத்தில் இந்த இடத்தில் இதைச் செய் என்கிற குறிப்பை மட்டும்தான். திண்டிவனத்தில் அந்தக் குறிப்பை ஒரிஜினலோடு இணைப்பார்கள். நான் இங்கே செய்த அத்தனையும் அங்கே, நான் பார்க்காத பெரிய படத்தில், அப்படியே நடக்கும். பிறகு எக்ஸ்போர்ட், அதாவது திருத்திய படத்தைத் தனி ஃபைலாக எடுப்பது, அங்கிருந்து நேராக அச்சுக்கு.

ஒரிஜினல் பக்கத்தில் இல்லை என்பதைக் காட்ட, திரையில் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு சின்னக் கேள்விக்குறி நிற்கும். மணப்பெண் சிரிப்பாள், தலைக்கு மேல் கேள்விக்குறி. பந்தியில் சாப்பிடுகிற கிழவருக்கும் தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் கேள்விக்குறி. ஆரம்பத்தில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. போகப் போக மத்தியான வெயிலில் அந்த மாடியறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, இத்தனை பேரும் நிஜமாக எங்கேயோ வேறு இடத்தில் இருக்கிறார்கள், நான் இங்கே தொட்டால் அங்கே அவர்களுக்கு ஏதோ ஆகிறது என்று ஒரு நினைப்பு வரும். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

கேட்ட பெண்ணுக்குப் பதில் இதோ. சின்னதில் தாராளமாக வேலை செய்யலாம். நிறமும் வெளிச்சமும் கெடாது. படம் கூர்மையாக இருக்கிறதா, இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா என்பதைச் சின்னதில் பார்த்து முடிவு செய்யாதே, அதை ஒரிஜினல் வந்தபின் பார். ஒரிஜினல் இல்லாமலே எக்ஸ்போர்ட் செய்தால் எட்டுக்குப் பத்து இஞ்ச் பிரிண்ட் வரை நன்றாக வரும். ஆல்பத்தின் அகல ஷீட்டுக்குப் போதாது. குறிப்பை ஒரிஜினலோடு இணைக்கிறபோது, அது அதே படம்தானா என்று கண்ணைத் திறந்து பார். எண்ணை நம்பாதே.

எண்ணை நம்பாதே என்று நாகராஜன் சாரும்தான் சொல்வார். அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார், தலை எண்ணுவது. ஒவ்வொரு ஆல்பம் ஷீட்டிலும் மொத்தம் எத்தனை முகம் இருக்கிறது என்று நான் இங்கே எண்ணி போனில் சொல்ல வேண்டும். எக்ஸ்போர்ட் ஆனபின் அவர் அங்கே பேனா முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஒத்துப்போனால்தான் அச்சுக்குப் போகும். ஒரு முறை ஓரம் வெட்டும்போது ஒரு அத்தையின் பாதி முகம் போய்விட்டது. "ஒரு தலை கம்மியா இருக்குது, எங்க வச்ச?" என்று கேட்டார். அத்தையை மீட்டுக்கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆல்பத்தில் செத்தவர்களைச் சேர்க்கச் சொல்வார்கள். அது சாதாரண வேலை. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்புக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், அப்பா இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தாலி கட்டும் படத்தில் அவரை நிற்க வைக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தது அடையாள அட்டைப் படம், தலை மட்டும்தான் இருந்தது. பந்தியில் நின்ற வேறு ஒருவரின் உடம்பை எடுத்து அந்தத் தலையை ஒட்டினேன். வெள்ளைச் சட்டையில் பார்க்க லட்சணமாக இருந்தார். பெண்ணின் அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாம்மா. எங்க ஊட்டுக்காரரு சட்டையே போட மாட்டாரே" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். நான் சட்டையைக் கழற்றித் துண்டு போட்டுக் கொடுத்தேன்.

இந்த வேலையை நாகராஜன் சார் மறுத்ததே இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிறவரை அழிக்கச் சொல்லி யாராவது வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார்.

"போனவங்கள சேர்க்கலாம். இருக்கறவங்கள அழிக்கக் கூடாது. ஆவாதவரு ஓரத்துல நின்னா ஓரத்த வெட்டு, அப்போ அவரு வெளிய நிக்கறாரு, அவ்ளோதான். அழிச்சா அந்த எடத்துல ஒண்ணுமே இருந்ததில்லன்னு ஆயிடுது."

எனக்கு அது மூடநம்பிக்கையாகப் பட்டது. பருவை அழிக்கலாம், சுவர்ப் பல்லியை அழிக்கலாம், சித்தப்பாவை அழித்தால் மட்டும் என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். தவிர, அழிக்கிற வேலையில் எனக்குக் கை நன்றாக வரும். திரையை எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் தடம் தெரியாது. அந்தத் திறமையைக் காட்ட வாய்ப்பே கொடுக்காத முதலாளி மேல் எனக்கு ஒரு காய்ச்சல் இருந்தது. மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது.

மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் ஒன்றில் ஒரு காதுகுத்து. குழந்தையின் அம்மா பெயர் செல்வி. அவருக்கு இரண்டு அண்ணன்கள், மூத்தவர் முருகேசன், இளையவர் ஏழுமலை. இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை, இளைய மகன் வீட்டில் இருந்தார். மூத்த தாய்மாமன் முருகேசன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்தினார்கள். ஆல்பம் முடியப்போகும் நேரத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்துவிட்டது.

ஏழுமலை ஒரு நாள் பதினோரு மணி வாக்கில் விழுப்புரத்து மாடிக்கு ஏறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பை நிறையக் கருவாடு. என் மேசை மேலேயே வைத்துவிட்டார்.

"அக்கா, ஆல்பத்துல கடைசியா ஒரு ஷீட் சேர்க்கணும். ரெண்டே படம். ஒண்ணு எல்லாரும் நிக்கறது, இன்னொண்ணு அம்மாவோட நான் நிக்கறது. அந்த எல்லாரும் நிக்கற படத்துல எங்க அண்ணன் இருக்கக் கூடாது."

"சார் ஒத்துக்க மாட்டாரே தம்பி."

"கேட்டுட்டுதாங்க்கா வர்றேன். முடியாதுன்னுட்டாரு. அப்பா உட்டுட்டுப் போன படகை அண்ணன் அவரு பேருக்கு மாத்திக்கினாரு. நான் இப்போ இன்னொருத்தன் படகுல போய்க்கினு கெடக்கறேன். அந்த மூஞ்ச தெனம் பாக்கச் சொல்றீங்களா? நீங்க பண்ணிக் குடுங்க்கா. சாருக்குத் தெரிய வேணாம்."

ஓரத்தை வெட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முருகேசன் வலது கோடியில் நின்றிருந்தார், ஆனால் அவரை ஒட்டி முன்னால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெட்டினால் அவர்களும் போய்விடுவார்கள். அழிக்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் சரி என்று சொன்னேன். பாவம் பார்த்துச் சொன்னதாக நெடுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குத் திமிர்.

பின்னால் நீலத் துணி கட்டியிருந்தார்கள். அதிலிருந்தே மடிப்பு மடிப்பாக எடுத்து முருகேசன் மேல் போர்த்தினேன். தலை போனது, தோள் போனது, வேட்டி போனது. ஏழுமலை என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கால் விரல்கள் மட்டும் மணலில் மிச்சம் இருந்தபோது, "போதுங்க்கா, அது இருக்கட்டும்" என்றார். ஏன் என்று தெரியவில்லை. நான் அதையும் அழித்துவிட்டேன்.

இரண்டு படத்துக்கும் கடைசி ஒன்று, கடைசி இரண்டு என்று பெயர் வைத்தேன். எல்லோரும் நிற்கிற படம் ஒன்று, அம்மா படம் இரண்டு. குறிப்பை அனுப்பினேன். எந்தெந்தப் படம் என்பதை மட்டும் போனில் நாகராஜன் சாருக்குச் சொன்னேன். அவர் ஒரிஜினல்களைத் தேடி எடுத்து அதே பெயர்களை வைத்தார். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம், கடைசி ஷீட்டில் பெற்றவள் படம் முன்னால் வர வேண்டும். அதனால் அம்மா படத்துக்கு ஒன்று என்றும் எல்லோரும் நிற்கிற படத்துக்கு இரண்டு என்றும் வைத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குப் படவில்லை. பெயரை வைத்து இணைக்கும்போது மென்பொருள், இது வேறு படம் போலிருக்கிறதே, சரிதானா என்று கேட்டிருக்கிறது. அவர் சரி என்று அழுத்தியிருக்கிறார்.

மாலை போன் வந்தது.

"கடைசி ஷீட் எத்தன தலை?"

முதல் படத்தில் பதினாலு பேர். ஒருவரை அழித்தாயிற்று, பதிமூன்று. அம்மா படத்தில் அம்மா, செல்வி, குழந்தை, ஏழுமலை, நாலு பேர்.

"பதினேழு சார்."

பேனா முனை திரையில் தட்டும் சத்தம் போனிலேயே கேட்டது. "பதினேழு. சரியா இருக்குது" என்றார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு படத்தில் பதினாலு பேரும், இன்னொன்றில் மூன்று பேரும் இருந்தார்கள்.

ஆல்பம் அச்சாகி வந்து ஒரு வாரம் ஸ்டூடியோவில் கிடந்தது. அட்டைக்குப் பளபளப்பு ஒட்டித் துணிப்பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த ஒரு வாரமும் ஏழுமலை ஊரில்தான் இருந்தார். வலையைச் சரி செய்தார், சந்தைக்குப் போனார், அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் இன்னும் இரண்டு பேரோடு ஃபைபர் படகில் போனார். புதன்கிழமை செல்வியின் வீட்டுக்காரர் ஸ்டூடியோவுக்கு வந்து ஆல்பத்தை வாங்கிப் போனார். அன்று மத்தியானம் காற்று திரும்பியது. மற்றப் படகுகள் வந்துவிட்டன. அந்த ஒன்று வரவில்லை.

வியாழக்கிழமை காலை நாகராஜன் சார் போன் செய்தார். குரலில் எதுவும் இல்லை.

"மேகலா, காதுகுத்து ஆல்பத்துல யாரையாவது அழிச்சியா?"

"ஆமாம் சார், அந்தப் பெரியவர, முருகேசன" என்றேன்.

"செல்வி ஊட்லேர்ந்து போன் வந்துச்சு. முருகேசன் அப்பிடியே நிக்கறாரு. அம்மா படத்துல ஏழுமலையக் காணோம். அந்தம்மா தோள் மேல நாலு வெரல் மட்டும் இருக்குது. படகும் வரல." ஏதோ இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "டிஸ்கைக் காலி பண்ணிட்டேன். ஆல்பம் கைக்குப் போயிடுச்சுன்னு ஒரிஜினல எல்லாம் அழிச்சிட்டேன். உன்கிட்ட சின்னது இருக்குதா?"

இருந்தது. திறந்தேன். மூலையில் கேள்விக்குறியோடு அந்தப் படம் வந்தது. அஞ்சலை அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கம் செல்வி, இடுப்பில் மொட்டைத் தலையோடு குழந்தை. வலப்பக்கம் ஏழுமலை. வலது கையை அம்மா தோளில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். அந்தப் படத்தில் அண்ணனை அழித்த அதே இடத்தில்தான் இந்தப் படத்தில் தம்பி நின்றிருந்தார், மென்பொருளின் அழிக்கும் தூரிகை போன பாதை அவர் உடம்பின் மேல் அப்படியே பொருந்தியிருக்கிறது. தோளுக்குப் போன கை மட்டும் அதற்கு வெளியே இருந்ததால் தப்பித்தது. உலகத்தில் அந்தப் படம் முழுசாக இருந்த ஒரே இடம் என் மேசைதான்.

எந்தத் திருத்தமும் இல்லாமல், நிறம்கூடத் தொடாமல், சின்னப் பிரதியிலிருந்து அப்படியே எக்ஸ்போர்ட் செய்தேன். எட்டுக்குப் பத்து. பிரிண்டர் அதை மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டு வந்தது. முதலில் நீலத் துணி மட்டும் வந்தது. பிறகு அவர் தலைமுடி வந்தது. மென்பொருளைப் பற்றி எல்லாம் தெரிந்தவள்தான் நான், இருந்தாலும் அந்த நெற்றி வெளியே வரும்வரை எனக்கு நம்பிக்கை இல்லை.

திண்டிவனத்தில் நாகராஜன் சார் பஸ் நிலையத்தில் நின்றிருந்தார். மரக்காணம் பஸ்ஸில் ஏறினோம். வழி முழுக்க அவர் என்னைத் திட்டவில்லை. உப்பளம் கண்ணில் பட்டபோது கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என் தப்பும் இருக்குது. அம்மா படத்த முன்ன வைச்சேன்" என்றார்.

வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். யாரும் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. உள்ளே அஞ்சலை அம்மா தரையில் உட்கார்ந்து, விரித்த ஆல்பத்தை மடியில் வைத்திருந்தார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து மூட விடவில்லை என்று செல்வி சொன்னார். நான் எட்டிப் பார்த்தேன். என் வேலை சுத்தமாக இருந்தது. நீலத் துணி மடிப்பு மடிப்பாக மேலிருந்து கீழே விழுந்திருந்தது, யாரும் அங்கே நின்ற தடமே இல்லை. அம்மாவின் தோளில் மட்டும் நாலு விரல்கள், பின்னால் இருக்கிற துணியிலிருந்து வந்து பிடித்தது போல இருந்தன. அஞ்சலை அம்மா இப்போதும் தன் தோளில் அதே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

சுவரோரம் முருகேசன் நின்றிருந்தார். விடியலிலிருந்து தன் படகில் தேடிவிட்டு டீசல் போட வந்திருந்தாராம். சட்டையெல்லாம் உப்பு.

"இது யார் கை?" என்று அஞ்சலை அம்மா என்னைக் கேட்டார்.

"உங்க புள்ள கைதாம்மா."

"அப்போ புள்ள எங்க?"

பிரிண்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல இருக்கறான்."

"ஆமாம்மா. இதுதான் நெஜப் படம். ஆல்பத்துல வந்தது மிஷின் தப்பு. இது சின்ன படத்துலேர்ந்து எடுத்தது."

"சின்னதுல இருக்கறவன் பெருசுல ஏம்மா இல்ல? மிஷினுக்கு எம்புள்ளையத் தெரியுமா? பதினாலு பேரு இந்தப் பக்கம் நிக்கறாங்க, ஒருத்தரையும் தொடல. இவன மட்டும் பாத்து எப்பிடி எடுக்கும்? கடலம்மா கூப்ட்டுட்டா, அதான் உங்க மிஷினுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. அச்சு போட்டு ஒரு வாரம் ஆச்சாமே? ஒரு வாரமா எம்புள்ள இல்லாமதான் இந்த ஊட்ல சோறு துன்னுக்கினு இருந்தானா?"

அது தவறு என்று எனக்கு மட்டும் உறுதியாகத் தெரியும். எப்படி நடந்தது என்று சொல்லிவிட்டால் அவருடைய பயம் போய்விடும். ஆனால் அழிக்கச் சொன்னது யாரை, சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும். கடலில் கிடக்கிற இளைய மகன் மூத்தவனை இல்லாமல் ஆக்கச் சொன்னான் என்று, அந்த மூத்தவன் காதில் விழ, அந்தத் தாயிடம் நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மகன் போய்விட்டான் என்று அவர் முடிவு செய்துவிடுவார். நாகராஜன் சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரிய படத்துல ஓரத்துல ஒரு கம்பம் இருந்துச்சும்மா" என்றேன். "பாக்க நல்லா இல்லன்னு நாந்தான் அத அழிச்சேன். ரெண்டு படத்துக்கும் பேரு மாறிப் போயி, கம்பத்துக்குப் போட்டது தம்பி மேல உழுந்துடுச்சு. என் தப்பும்மா. வேற ஒண்ணுமே இல்ல."

அஞ்சலை அம்மா தலையைத் தூக்கினார்.

"கம்பமா? அங்க ஏது கம்பம்? நாலு பக்கமும் துணிதான கட்டியிருந்துச்சு. பொய் சொல்ற நீ."

செல்வி என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற பெண்களும் பார்த்தார்கள்.

முருகேசன் சுவரிலிருந்து விலகி வந்து குனிந்தார். ஆல்பத்தின் மறுபக்கத்தில் பதினாலு பேர் நின்றிருந்தார்கள். வலது கோடியில் கம்பம் எதுவும் இல்லை. அவர்தான் நின்றிருந்தார். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்தது.

"இருந்துச்சும்மா" என்றார். "லைட்டு கட்டறதுக்கு நாந்தான் நட்டேன். அப்புறமா புடுங்கிட்டேன். நீ பாக்கல."

"நெஜமாவாடா?"

"உம்மேல ஆணையாம்மா. கம்பந்தான். இவங்க சொல்றது சரி. மிஷின் தப்பு. அவன் வருவான்."

அஞ்சலை அம்மா ஆல்பத்தை மூடினார். பிரிண்ட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, செல்வியிடம் தண்ணீர் கேட்டார். வாசலில் யாரோ மூச்சு விட்டார்கள். நான் அந்த அம்மா காலில் விழுந்து அழுதிருக்க வேண்டும். அழவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

முருகேசன் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ரோடு வரை வந்தார். நாகராஜன் சார் முன்னால் நடந்தார், வேண்டுமென்றேதான் முன்னால் நடந்திருப்பார். முருகேசன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்னையத்தானக்கா எடுக்கச் சொன்னான்?"

நான் தலையை ஆட்டினேன்.

"கால் வெரல்கூட இல்லாமலா?"

"அத உட்டுடச் சொன்னாருப்பா. நாந்தான் அழிச்சேன்."

அவர் கேனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"அவன் வந்ததும், எனக்கு இது தெரியும்னு அவங்கிட்ட சொல்லிடாதீங்க்கா. அசிங்கப்படுவான். அப்புறம் எம்முன்னாடி வந்து நிக்க மாட்டான்."

"சொல்ல மாட்டேன்" என்றேன். "சத்தியமா சொல்ல மாட்டேன்."

அவர் கடலைப் பார்க்கத் திரும்பி, ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மறுநாள் அந்தப் படகில் போன மற்ற இரண்டு பேரைத் தெற்கே ஒரு விசைப்படகு மீட்டுக் கொண்டுவந்தது. கவிழ்ந்த படகின் விளிம்பை மூவருமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு நேரத்தில் திரும்பிப் பார்த்தபோது ஏழுமலை இல்லை என்றார்கள். முருகேசன் பதினோரு நாள் தேடினார். கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை என்று, நாங்கள் சின்னப் பிரதிகளிலிருந்தே அந்த ஷீட்டைப் புதிதாக அச்சிட்டுக் கொடுக்கப் போனோம். அஞ்சலை அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. அவர் எங்களைக் குற்றம் சொல்லவும் இல்லை, அந்தக் கம்பத்தைப் பற்றிப் பிறகு கேட்கவும் இல்லை.

அது பெயர் மாறியதால் வந்த பிழை. எத்தனை முறை யோசித்தாலும் பெயர் மாறியதால் வந்த பிழைதான், வேறு எதுவும் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை அதற்குப் பிறகு உயிரோடு இருக்கும் ஒருவரையும் அழிக்கவில்லை. ஏழுமலை எப்போதாவது அந்த மாடிப்படியில் ஏறி வருவார், நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று பல நாள் காத்திருந்தேன். முருகேசனுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றும் வேலை எனக்கு வரவே இல்லை.